அம்மாவின் பழைய பட்டுப்புடவைகள்: உருக்கவா, வெட்டவா, கட்டவா?

தாவணிக்காலம்:

அம்மா வீட்டைக் காலி பண்ணிட்டு என்னோட பெங்களூருக்கு வர்றாங்க. பீரோவுல ஆறேழு பழைய பட்டு இருக்கு, எல்லாம் காஞ்சிபுரத்துல நேராப் போய் எடுத்தது. கல்யாணப் புடவை 1978. அரக்கு உடம்பு, ரெண்டு பக்கமும் சாண் அகலத்துக்குப் பச்சைக் கரை, முந்தியும் பச்சை. தூக்கினாலே கை கடுக்குது.

'பழைய பட்டுப்புடவை வாங்குறது'ன்னு மைக் போட்டுத் தெருவுல வர்றவர், ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறதுக்கு, அந்த ஒண்ணுக்கு மட்டும் 9,000 சொன்னார். நாத்தனார் பொண்ணுக்கு டிசம்பர்ல ரிசப்ஷன், அதை வெட்டி லெஹங்கா தைச்சுக்கவான்னு கேட்கறா. இன்ஸ்டாகிராம்ல ஏறக்குறைய இதே மாதிரி ஒண்ணை 'விண்டேஜ் காஞ்சிவரம்'னு 38,000 போட்டிருந்தாங்க, நான் பார்த்துட்டிருக்கும்போதே 'சோல்ட்' ஆயிடுச்சு. தலை சுத்துது. அம்மாவைக் கேட்டா "எதையாவது பண்ணு, எனக்கு நூல் புடவை போதும்"னுட்டாங்க.

கரையோரம் ஒரு மடிப்புல லேசா இற்றுப் போயிருக்கு. அதையும் சொல்லிடறேன்.

ராஜாமணி_68:

ஒன்பதாயிரமா! கொடுத்து வைத்தவர் அம்மா நீங்கள். என்னுடைய பெல்பாட்டம் இரண்டையும் ஒரு டெர்லின் சட்டையையும் என் வீட்டுக்காரி பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு இட்லித்தட்டு வாங்கினாள். இப்போது என் பேரன் அதே அகலத்தில் ஒரு பேண்டை மாலில் 3,499 கொடுத்து வாங்கி வந்து, "தாத்தா, இது ரெட்ரோ" என்று எனக்கே விளக்கம் சொல்கிறான்.

பிள்ளையார்பாளையம்_தறி:

தங்கச்சி, முதல்ல அந்த ஒன்பதாயிரத்தைக் கணக்குப் பார்த்துடுவோம்.

நல்ல ஜரிகைன்னா இன்னிக்கு எங்க காஞ்சிபுரத்து அளவு இது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. நடுவுல சிவப்புப் பட்டு இழை, அதுமேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பியைச் சுத்தி, மேல தங்க முலாம். பழசுல வெள்ளி இதைவிடக் கூடத்தான் இருக்கும். நீங்க சொல்ற சாண் கரை, பெரிய முந்திக்கு ஜரிகை 200 கிராம்னு வைங்க. குறைச்சலா 40 சதவீதம் போட்டாலே 80 கிராம் வெள்ளி. கிலோ லட்சத்தைத் தாண்டி ஓடுற விலையில அதுவே எட்டாயிரத்துக்கு மேல போயிடுது. 0.5 சதவீதம்னா தங்கம் ஒரு கிராம். கட்டித் தேய்ஞ்சது போக முக்கால் கிராம் நிக்கட்டும், இன்னிக்குத் தங்கம் விக்கிற விலைக்கு அது என்ன ஆகும்? வர்றவர் வெள்ளியைப் பத்தித்தான் பேசுவார். தங்கத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டார். உருக்கத்தான் போறீங்கன்னாலும் ஒன்பதுக்குக் கொடுக்காதீங்க.

இப்ப சேலைக்கு வருவோம். உடம்பு ஒரு கலர், கரையும் முந்தியும் வேற கலர்னா அது கோர்வையும் பிட்னியும் போட்ட சேலை. கோர்வைன்னா உடம்பையும் கரையையும் தனித்தனி இழையில நெய்து கோக்கிறது. அதுக்கு மூணு நாடா (குறுக்கு இழையைக் கொண்டுபோற ஓடம்): உடம்புக்கு ஒண்ணு, கரைக்கு ஒண்ணு ஒண்ணு. நெய்யறவர் ஒருத்தரால ஆகாது, அந்தப் பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் தறியில உட்காரணும். அந்த ரெண்டாவது ஆளுக்குக் கூலி கட்டுப்படியாகாமத்தான் கோர்வைத் தறியே குறைஞ்சு போச்சு. பிட்னின்னா, முந்தி ஆரம்பிக்கிற இடத்துல உடம்போட பாவு (நெடுக்கு) இழையையும் முந்திப் பாவு இழையையும் கையால ஒவ்வொண்ணா இணைக்கிறது. புடவையைத் திருப்பிப் போட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்க. தடிப்பா ஒரு கோடு தட்டுப்படும், ரெண்டு கலரும் அங்க கலந்து கிடக்கும். போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.

சுமதி_மதுரை:

"ஐயோ உருக்காதீங்க"ன்னு எல்லாரும் வரிசையா வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடறேன்.

எங்க மாமியார் பட்டு அஞ்சையும் போன வருஷம் போட்டோம். பையன் ஹாஸ்டல் ஃபீஸுக்கு ஆச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, மாமியாருக்கும் இல்ல. "ஜரிகைப் புடவை வாங்கினதே ஆத்திர அவசரத்துக்கு ஆகும்னுதானே"ன்னு அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு பேங்க் பாஸ்புக் ஏது? நகையும் ஜரிகையும்தான். இப்ப திடீர்னு அதுக்கு 'ஹெரிடேஜ்'னு பேர் வச்சு, உருக்கினவங்களைக் குத்தவாளி மாதிரி பேசுறது நல்லால்ல.

நூல்கண்டு:

சுமதி அக்கா சொல்றதை மறுக்க முடியாது. ஜரிகைப் புடவை சேமிப்பாத்தான் இருந்தது. அவசரம்னா உருக்க வேண்டியதுதான். தாவணிக்காலத்துக்கு அவசரம் எதுவும் இருக்கிற மாதிரி தெரியலையே, அதுதான் வித்தியாசம். வெள்ளி விலை எங்கேயும் ஓடிடாது, அடுத்த வருஷமும் உருக்கலாம். உருக்கினதைத் திரும்ப நெய்ய முடியாது.

இன்னொண்ணு, நேரம். ஜேம்ஸ் லேவர்னு ஒருத்தர், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல வேலை பார்த்த உடை வரலாற்று ஆள், 1937-லேயே இதுக்கு ஒரு அட்டவணை போட்டு வச்சார். நம்ம பாஷையில சொன்னா இப்படி வரும்: ஒரு உடை தன் காலத்துல ஜோர். ஒரு வருஷம் தாண்டினா மங்கல். பத்து வருஷத்துல கண்றாவி. இருபதுல கேலிக்கூத்து. முப்பதுல சிரிப்பு வரும். ஐம்பதுல 'அட, வித்தியாசமா இருக்கே'. எழுபதுல மனசை இழுக்கும். நூறுல காவியம். நூற்றைம்பதுல அழகோ அழகு.

1978 புடவை இப்ப ஐம்பதை நெருங்குது. சுமதி அக்கா மாமியார் புடவை எழுபதுகள்னா அதுவும் அங்கதான் நின்னிருக்கும். இப்ப எல்லார் பீரோவுலயும் கேலிக்கூத்துல நிக்கிறது 2000 வாக்குல வாங்கின டிஷ்யூவும் க்ரஷ்டு பட்டும். ஜனங்க இப்ப பாத்திரக்காரர்கிட்ட தள்ளிவிடறதும் அதைத்தான். 2050-ல அதைத் தேடி அலைவாங்க, எழுதி வச்சுக்குங்க.

சந்தேகப்பிராணி:

லேவர் அட்டவணையெல்லாம் இன்ஸ்டா வர்றதுக்கு முந்தி. இப்ப எல்லாம் பதினைஞ்சு வருஷத்துலயே திரும்பி வந்துடுது. 2010-ல போட்ட டி-ஷர்ட்டை 'ஆர்க்கைவ்'னு விக்கிறான்.

ராஜாமணி_68:

அது உண்மை. என் ஒரு ஆயுளில் நான் பார்த்த வரிசை: அறுபதுகளில் அண்ணன்மார் போட்ட குழாய் பேண்ட். உட்கார்ந்தால் தையல் விடும். எழுபதுகளில் பெல்ஸ். மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டு சகதியில் பாதி எங்கள் காலோடு வீட்டுக்கு வரும். அப்புறம் பேரலல், அப்புறம் முன்பக்கம் மடிப்பு மடிப்பாக வைத்த பேகி. அதற்குப் பிறகு மறுபடியும் குழாய், இந்த முறை ஸ்கின்னி என்று பெயர். இப்போது பேரன் போடுவது மறுபடியும் பேகி. எங்கள் தையல்காரர் இருந்திருந்தால் பழைய அளவு நோட்டை எடுத்துத் தூசி தட்டியிருப்பார்.

ஒன்று கேட்க வேண்டும். பெல்ஸ் போட்டதற்காக என் தகப்பனார் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதே பெல்ஸ் திரும்பி வரும்போது யாருக்கும் கோபமே வருவதில்லையே, ஏன்?

நூல்கண்டு:

சார், முதல் தடவை வரும்போது அது அப்பாவை எதிர்க்கிற உடை. ரெண்டாவது தடவை தாத்தாவோட உடை. தாத்தாவைப் பேரன் எதிர்க்கிறதில்லையே.

சுமதி_மதுரை:

நூல்கண்டு தம்பி, உங்க அட்டவணை எல்லாம் சரி. ஆனா எதெல்லாம் அம்பது வருஷம் நிக்குதுன்னு யோசிச்சீங்களா? எங்க வீட்ல பட்டு இருந்துச்சு, ஒரு நைலக்ஸ் இருந்துச்சு, ஒரு பாலியஸ்டர் பூப்போட்டது இருந்துச்சு. தினப்படி கட்டின சுங்குடி ஒண்ணுகூட இல்ல. அதெல்லாம் கட்டிக் கட்டி மெலிஞ்சு, பிள்ளைக்குத் தூளியாகி, அப்புறம் இடுப்புத்துணி, கடைசியில அடுப்பங்கரையில பிடிதுணி. மதுரைக்காரி சொல்றேன், நான் பொறக்கிறதுக்கு முந்தின சுங்குடி ஒண்ணு முழுசா என் கண்ணுல பட்டதில்ல. நூலால கட்டிக் கட்டிச் சாயம் தோய்ச்ச கைமுடிச்சுச் சுங்குடியே இப்ப அரிது. கடையில தொங்குறதுல முக்கால்வாசி அச்சடிச்சது.

நூல்கண்டு:

அக்கா, இந்தப் பேச்சுலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்லிட்டீங்க. திரும்பி வர்றது நல்ல துணின்னு இல்ல, உழைக்காம தப்பிச்ச துணி.

ஜீன்ஸ் கதையும் இதேதான். லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ்ங்கிற தையல்காரரும் பேண்டுக்குச் செம்பு ரிவிட் அடிக்கிறதுக்கு 1873-ல காப்புரிமை வாங்கினாங்க. சுரங்கத் தொழிலாளிங்க போட்டுக் கிழிச்ச துணி, யாரும் பத்திரப்படுத்தலை. கம்பெனி வச்சிருந்ததும் 1906 சான்பிரான்சிஸ்கோ பூகம்பத்தோட வந்த தீயில போயிடுச்சு. கடைசியில என்னாச்சு? நெவாடாவுல ஒரு பழைய சுரங்க ஊர்ல கிடைச்ச 1880-கள் ஜீன்ஸ் ஒண்ணை 2001-ல ஈபேயில ஏலம் எடுத்தது லீவைஸ் கம்பெனியேதான், 46,532 டாலருக்கு. தான் விற்ற துணியைத் தானே வாங்கியிருக்கு! 2022-ல இன்னொரு 1880-கள் ஜோடி நியூ மெக்சிகோவுல ஏலத்துக்கு வந்து, கமிஷனோட சேர்த்து 87,400 டாலருக்குப் போச்சு. அதுவும் கைவிட்ட சுரங்கத்துல கண்டெடுத்ததுதான். மெழுகுவர்த்தி ஒழுகின கறை அப்படியே இருந்தது. அந்தக் கறைக்கும் சேர்த்துத்தான் விலை.

கிள்ளான்_பண்டல்:

வணக்கம், மலேசியாவில் இருந்து. நான் பண்டல் கடை வைத்திருக்கிறேன். ஜப்பானில் ஜனங்கள் கழித்துப் போடும் துணி மூட்டை மூட்டையாக எங்களுக்குக் கப்பலில் வரும், அதைப் பிரித்து ரகம் பார்த்து விற்போம். இங்கே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் கூச்சமே இல்லாமல் வாங்கிப் போடுகிறார்கள்.

நூல்கண்டு சொன்ன லீவைஸில் நாங்கள் முதலில் பார்ப்பது பின் பாக்கெட்டில் இருக்கும் சிவப்புச் சின்ன லேபிள். அதில் எழுத்தெல்லாம் பெரிசாக இருந்தால், அதாவது இரண்டாவது எழுத்தும் பெரிய 'ஈ'யாக இருந்தால், 1971-க்கு முந்தியது. சின்ன 'ஈ' என்றால் பிந்தியது. அந்த ஒரு எழுத்துக்கு விலை பல மடங்கு ஏறும். டி-ஷர்ட் என்றால் கை, அடி மடிப்பில் தையல் ஒற்றை வரியா இரட்டை வரியா என்று பார்ப்போம். தொண்ணூறுகளின் நடுவரை ஒற்றை வரி அதிகம். இப்போது புதுச் சட்டைக்கும் வேண்டுமென்றே ஒற்றை வரி போட்டு, டீத்தூள் தண்ணீரில் முக்கிப் பழசாக்கி விற்கிறார்கள். மூக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஏன் இந்த மாதிரிக் கடை இல்லை? போன தடவை வந்தபோது தேடினேன், கிடைக்கவில்லை.

சுமதி_மதுரை:

யார் கட்டினதோ, எந்த வீட்டு எழவுல கழிச்சதோன்னு எங்க அம்மா தொடவே விடாது. அக்கா சட்டை தங்கச்சிக்கு, பெரியம்மா புடவை சித்திக்குன்னு சொந்தத்துக்குள்ள எத்தனை கை வேணா மாறும். முகம் தெரியாத ஆள் துணின்னா மட்டும் ஆகாது. அதே துணியைச் சலவை பண்ணி ஏசி ரூம்ல 'ப்ரீ-லவ்ட்'னு தொங்கவிட்டா இப்ப வாங்குறாங்க, அது வேற கதை.

நூல்கண்டு:

அதோட சட்டமும் ஒரு காரணம். வெளிநாட்டுப் பழைய துணியை உடுத்துற நிலையில இறக்கி இங்க சந்தையில விற்கக் கட்டுப்பாடு இருக்கு. குஜராத் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்துல இறக்கி, ரகம் பிரிச்சு, திரும்ப ஏற்றுமதி பண்றாங்க. கம்பளித் துணியைக் கிழிச்சு பானிபட்டுக்கு அனுப்புறாங்க, அங்க அதைப் பிரிச்சு நூலாக்கிப் போர்வை நெய்யறாங்க. ரயில்லயோ நிவாரண முகாம்லயோ பார்த்திருப்பீங்களே, அந்த முரட்டுக் கம்பளி, அதுல ஏதோ ஒரு ஐரோப்பியத் தாத்தாவோட கோட்டு இருக்கலாம்.

தாவணிக்காலம்:

எங்கேயோ போயிட்டீங்க எல்லாரும், ஆனா சுவாரசியமா இருக்கு 🙂 முந்தி சேர்ற இடத்துல தடிப்புக் கோடு இருக்கு அண்ணா. ஒரு ஜரிகை இழையைப் பிரிச்சேன், உள்ளே சிவப்பு நூல். கரையில கோபுரம் மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள சின்னச் சின்ன மயில்கண் வரிசை.

இன்னொரு கேள்வி. கூடவே அம்மாவோட சுங்குடி ரெண்டு இருக்கு (சுமதி அக்கா, உங்களுக்காகவே கிடைச்ச மாதிரி!). தண்ணியில போட்டதும் சாயம் சிவப்பா ஓடுச்சு. அது மட்டமான துணின்னு அர்த்தமா?

சுமதி_மதுரை:

தண்ணியில போட்டியா! முடிச்சுக் கட்டின துணியா, புள்ளி நடுவுல சுருக்கம் இருக்கான்னு பார்த்துச் சொல்லு. சுருக்கம் இருந்தா அதை யாருக்கும் கொடுக்காத. இனிமே உப்புத் தண்ணியில ஊறவச்சு, தனியா அலசி, நிழல்ல காயப்போடு.

நூல்கண்டு:

சாயம் ஓடுறதாலேயே உலகத்துல பேர் வாங்கின துணி நம்ம ஊர்த் துணிதான், தெரியுமா? மெட்ராஸ் கட்டம். லுங்கிக் கட்டம்னு நாம சாதாரணமா நினைக்கிறது.

1958-ல வில்லியம் ஜேக்கப்சன்ங்கிற அமெரிக்க வியாபாரி இந்தியாவுக்கு வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்கிட்ட (பிற்பாடு லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்சவர்) கைத்தறிக் கட்டம் போட்ட துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கிப் போனார். நியூயார்க்ல ப்ரூக்ஸ் பிரதர்ஸ் அதுல சட்டையும் கோட்டும் தைச்சு வித்தாங்க. குளிர்ந்த தண்ணியில தனியா அலசணும்னு இங்க சொல்லி அனுப்பினதை அங்க யாரும் வாங்கினவங்ககிட்ட சொல்லலை. வாஷிங் மெஷின்ல போட்டதும் ஒரு கலர் இன்னொரு கலர்மேல ஏறிக் குழம்பிப் போச்சு. புகார்மேல புகார். அப்புறம்தான் விளம்பர மூளை வேலை செய்தது: சாயம் ஓடுறது குத்தம் இல்ல, அதுதான் இதோட மகிமை, ஒவ்வொரு சலவைக்கும் புதுத் துணி ஆகும்னு பத்திரிகையில எழுதவச்சாங்க. 'சாயம் ஓடும், உத்தரவாதம்'னே விளம்பரம் போட்டாங்க. அறுபதுகள்ல அமெரிக்கக் காலேஜ் பசங்க போட்டி போட்டு வாங்கினாங்க. இன்னிக்கு அந்தக் காலத்துச் சட்டையை, அதுவும் நல்லா வெளுத்ததா, அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் தேடி வாங்குறாங்க.

அதுக்கு ரொம்ப முந்தியே இதே கட்டத்துக்கு நைஜீரியாவுல பெரிய மதிப்பு. களபாரி மக்கள் அதை 'இஞ்சிரி'ன்னு சொல்வாங்க. அதுல சில இழைகளை மட்டும் பிளேடால அறுத்து உருவி, துணியிலேயே புதுக் கோலம் எடுப்பாங்க. குடும்பப் பெட்டியில வச்சுச் சடங்குகளுக்கு எடுக்கிற துணி அது. நாம அதைக் கட்டிட்டு சைக்கிள் துடைக்கிறோம்.

சந்தேகப்பிராணி:

2018-ல ஜாரா லுங்கி மாதிரியே ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு வித்தானே, அதையும் சேர்த்துக்குங்க.

சரி, இப்ப என் கேள்வி. இந்த ஆன்லைன் 'விண்டேஜ் காஞ்சிவர'த்துல பாதி புதுசுன்னு எனக்குச் சந்தேகம். மங்கின கலர்ல ஜரிகை போட்டு 'ஆன்ட்டிக் ஜரி'ன்னு நேத்து நெய்ததையே விக்கிறாங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிள்ளையார்பாளையம்_தறி:

தங்கச்சி, சிவப்பு நூல் வந்துச்சுன்னா பெரும்பாலும் நல்ல ஜரிகைதான். மயில்கண், கோபுரம் எல்லாம் அந்தக் காலத்துக் கை. கண்டிப்பா உருக்காதீங்க.

சந்தேகம் சார், ஆன்ட்டிக் ஜரிகைன்னு வர்றது பெரும்பாலும் டெஸ்டட் ஜரிகை. செம்புக் கம்பிமேல லேசா வெள்ளி பூசினது. அதுக்கும் கீழ பிளாஸ்டிக் ஜரிகை இருக்கு, நெருப்புல காட்டினா உருண்டுக்கும். நிஜமாவே பழைய ஜரிகை மங்குறது ஒரே சீரா மங்காது. மடிப்பு விழுந்த இடம், கொசுவம் வர்ற இடம், தோள்ல முந்தி உரசுற இடம் இதெல்லாம்தான் முலாம் போய் வெள்ளையாத் தெரியும். மடிப்புக்குள்ள இருந்தது பளிச்சுன்னு இருக்கும். சேலை பூரா ஒரே மங்கல்னா அது பழசு இல்ல, பழசு மாதிரி பண்ணினது.

பூவைப் பாருங்க. எங்க தாத்தா காலத்துல அடைன்னு சொல்ற கயிறுகட்டு முறையில பூ எடுத்தாங்க, இழையை எண்ணி எண்ணி. அப்புறம் ஜக்கார்டு பெட்டி வந்துச்சு, அட்டை குத்தி. இப்ப கம்ப்யூட்டர்ல வரையறாங்க, நிழல், வளைவு எல்லாம் படம் மாதிரி வரும். பழைய அன்னபட்சி கொஞ்சம் கட்டம் கட்டமா, முட்டிக்கால் போட்ட மாதிரிதான் இருக்கும். வழவழன்னு வளைஞ்ச கழுத்தோட அன்னம் இருந்தா அது 1960 இல்ல.

மனசுல பட்ட இன்னொண்ணு. அந்த 38,000-ல நெய்தவருக்கு ஒரு பைசா கிடையாது. நெய்தவர் யாருன்னே தெரியாது. அதைப் பார்த்துட்டு எங்ககிட்ட வந்து 'அந்த மாதிரி ஒண்ணு நெய்து கொடுங்க'ன்னு கேட்பாங்க. கூலி சொன்னதும், 'அவ்வளவா?'ன்னு போயிடுவாங்க.

மயிலாப்பூர்_மாமி:

பழசைத் திரும்பக் கொண்டுவரது இன்னிக்கு ஆரம்பிச்சது இல்லை. ருக்மிணி தேவி 1937-லேயே கலாக்ஷேத்ராவுல தறி போட்டு, கோயில் சிற்பத்துலயும் பழைய புடவையிலும் இருந்த டிசைனைத் தேடி எடுத்து, அகலக் கரை, எடுப்பான கலர்னு நெய்ய வெச்சார். இன்னிக்கும் 'கலாக்ஷேத்ரா புடவை'ன்னு கேட்டு வாங்கறா. எம்.எஸ். நீலமும் அப்படித்தான். முத்துச் செட்டியார் எம்.எஸ். அம்மாவுக்காகச் சாயம் போட்ட கலர், இன்னிவரைக்கும் கல்யாணப் புடவைக் கடையில அந்தப் பேர்ல கேக்கறா. 1961-ல வந்த படத்தை வெச்சு 'பாலும் பழமும்' கட்டம்னு பேர் வந்தது. படத்தைப் பார்க்காத பொண்கள்கூட அந்தக் கட்டத்தைப் பேர் சொல்லிக் கேக்கறா.

எங்காத்துல என் பாட்டியோட ஒன்பது கெஜம் ரெண்டு இருக்கு. மடிசார் கட்ட ஆள் இல்லை. பேத்தி ஒண்ணை ஆறு கெஜமா வெட்டிண்டு மிச்சத்துல ப்ளவுஸ் தெச்சுண்டா. நான் ஒண்ணும் சொல்லலை. நன்னாத்தான் இருந்தது.

யாழ்_டொராண்டோ:

எங்கட பக்கம் கலியாணத்துக்குக் கட்டுறதைக் கூறை எண்டுதான் சொல்லுவம். அதை உருக்கிறது, விக்கிறது எண்ட கதை எங்கட வீட்டில ஒருநாளும் வந்ததில்லை. ஆனா பழைய கூறை கனபேரிட்ட இல்லை. இடம்பெயரேக்க நகையும் காணி உறுதியும் பாஸ்போட்டும்தான் பையுக்குள்ள போச்சு, சீலை அலுமாரியோட நிண்டிட்டுது. இங்க டொராண்டோவில இப்ப பெட்டையள் தாயின்ர கூறையை எழுத்துக்கு (கலியாணப் பதிவுக்கு) கட்டுறது ஒரு ஸ்டைல். இல்லாதவை ஆன்லைனில வாங்கி "அம்மம்மான்ர மாதிரி" எண்டு கட்டுகினம். எனக்கு அதில குறை தெரியேல்லை.

தையல்_வேலு:

லெஹங்கா பத்திக் கேட்டீங்க இல்ல, மேடம். நான் லேடீஸ் டெய்லர், இப்ப வர்ற ஆர்டர்ல பழைய பட்டை வெட்டித் தைக்கிறது நிறைய.

வெட்டறது பாவம்னு நான் சொல்லமாட்டேன். பாட்டி புடவை கிழிஞ்சா பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைக்கிறது நம்ம வழக்கம்தானே. ஆனா அப்ப கிழிஞ்சதைத்தான் வெட்டினாங்க.

வெட்டறதுக்கு முன்னாடி துணியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. மடிப்பு மடிப்பா ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் வந்தா இழை இத்துப் போயிருக்கு. அடுத்தது, ரெண்டு கட்டைவிரலையும் ஒட்டி வச்சு லேசா இழுங்க. சரசரன்னு சத்தம் கேட்டா மிஷின்ல கொடுக்காதீங்க, ஊசி போற பாதையிலேயே கிழிஞ்சுட்டுப் போகும். லெஹங்காவுக்கு இடுப்புல பிளீட் வைக்கணும், அடியில வெயிட்டு இழுக்கும். உள்ள மல் துணி கொடுத்து ஒட்டித் தைச்சாலும் ஒரு ஃபங்ஷன், ரெண்டு ஃபங்ஷன்தான். அந்தப் பொண்ணு சுத்திச் சுத்தி ஆடினா அதுவும் கிடையாது. அப்புறம் அது புடவையும் இல்ல, லெஹங்காவும் இல்ல.

தைச்ச துணிக்கு இன்னொரு தொல்லை, அளவு. பிள்ளை பெத்ததும் அந்த லெஹங்கா ஏறாது. புடவைக்கு அளவே கிடையாது. அம்பது வருஷம் கழிச்சும் யார் வேணா கட்டலாம்னா அதுக்கு அதுதான் காரணம். புடவையாவே கட்டச் சொல்லி, ப்ளவுஸை மட்டும் புதுசா அந்தப் பொண்ணு இஷ்டத்துக்குத் தைச்சுக் கொடுங்க. எண்பதுகள்ல இருந்த பஃப் கையே இப்ப திரும்ப வந்துடுச்சு, கேட்டா தைச்சுத் தர்றேன்.

தாவணிக்காலம்:

வேலு அண்ணா சொன்னதை நாத்தனார் பொண்ணுக்கு அப்படியே அனுப்பினேன். முதல்ல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா. பஃப் கைன்னதும் சரின்னுட்டா. கல்யாணப் புடவை அவ ரிசப்ஷனுக்குப் புடவையாவே போகுது. வேற ஒண்ணு முந்தி முழுக்கக் கிழிஞ்சிருக்கு, அதை என் பொண்ணுக்குப் பாவாடையாத் தைக்கலாம்னு இருக்கேன். இன்ஸ்டால விக்கிற யோசனையை விட்டாச்சு.

அந்த இற்றுப்போன மடிப்பை என்ன பண்றது? அப்புறம் பெங்களூர்ல எப்படி வச்சுக்கிறது? அம்மா இதுவரைக்கும் கடையில கொடுத்த பிளாஸ்டிக் கவர்லயே பாச்சை உருண்டை போட்டு வச்சிருந்தாங்க.

மயிலாப்பூர்_மாமி:

முதல்ல அந்த உருண்டையைத் தூக்கிப் போடு. ஜரிகைமேல பட்டுதுன்னா கறுத்துடும். பிளாஸ்டிக்கும் வேண்டாம், உள்ள வேர்த்து நாத்தம் வரும். பழைய மல் வேஷ்டி, நன்னா கஞ்சி போக அலசினது, அதுல சுத்தி வை. பக்கத்துல துணிமுடிச்சுல வசம்பு. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தரம் பிரிச்சு, நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி மடி. இத்துப் போறது மடிப்புலதான், அதே கோட்டுல திரும்பத் திரும்ப மடிக்கறதாலதான். ஹேங்கர்ல தொங்கவிடாதே, கரை கனத்துக்கு உடம்பு பிஞ்சுண்டு வரும்.

பிள்ளையார்பாளையம்_தறி:

இற்ற இடத்துக்குப் பின்னால அதே கலர்ல மெல்லிசுப் பட்டுத் துண்டு வச்சு இழையோட்டித் தரலாம். பக்கத்துல போய்ப் பார்த்தாத்தான் தெரியும். பெட்ரோல் வாஷ் ஒரு தடவை கொடுத்துட்டு அப்புறம் ரிப்பேருக்குக் கொடுங்க. ரோல் பாலிஷ் (உருளையில இழுத்து மெருகேத்துறது) வேண்டவே வேண்டாம். பழைய பட்டு அந்த இழுப்பைத் தாங்காது.

ராஜாமணி_68:

இவ்வளவு நேரம் படித்துவிட்டு என் பீரோவையும் ஒரு முறை குடைந்து பார்த்தேன். பெல்ஸ் போனது போனதுதான். 1979-ல் தைத்த சாம்பல் நிற சஃபாரி சூட் ஒன்று பாத்திரக்காரனுக்குத் தப்பியிருக்கிறது. பூச்சி அரிக்கவில்லை, கசங்கவில்லை, நிறம்கூடப் போகவில்லை. பாலியஸ்டர் என்பதால் என்னைவிட நன்றாக இருக்கிறது. கிள்ளான் தம்பி, இதற்கு ஏதாவது விலை உண்டா? இடுப்பு 30.

கிள்ளான்_பண்டல்:

உண்டு சார், நான் கேலி செய்யவில்லை. காலர் எவ்வளவு அகலம், நாலு பாக்கெட்டும் மூடி போட்டதா, உள்ளே தையல்கடை லேபிள் இருக்கிறதா? ஜிப் இரும்பா பிளாஸ்டிக்கா என்றும் பாருங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். பேரனிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள், போட்டுக்கொண்டு போய்விடுவான்.